சிவானந்தத்தின் இருபத்தோரு ஜிபி

“சின்னதே போதும்” என்று மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டு, கண்ணாடி மேசைமேல் வரிசையாக இருந்த மூன்று பெட்டிகளில் இடது ஓரத்துப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார் கணேஸ்வரன்.

கடைப்பெண் அதைப் பிடித்துத் திரும்பவும் நடுவுக்குக் கொண்டுவந்தாள். அவள் சட்டையில் நித்தியா என்று பெயர்ப்பட்டை இருந்தது. கோலசிலாங்கூர் பேருந்து நிலையத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் கைப்பேசிக் கடை அது. சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. கடை திறந்து வந்த முதல் வாடிக்கையாளரே இப்படி வாய்ப்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்கமாட்டாள்.

“அங்கிள், சின்னதுன்னா நூத்தி இருபத்தெட்டு ஜிபி. உங்க பழைய போனுக்குள்ள அறுபத்து நாலு, மெமரி கார்டுல நூத்தி இருபத்தெட்டு, ரெண்டும் ஃபுல். புது போன்ல கார்டு போட இடமே கிடையாது. ஒரு டிரம் தண்ணிய வாளியில ஊத்தச் சொல்றீங்க.”

“கொள்ற வரைக்கும் ஊத்து. மீதி கீழ போகட்டும்.”

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பெரியதற்கு ஆசைப்பட்டுச் சின்னதை வாங்கிப்போகிறவர்கள் தினமும் வருவார்கள். சின்னதற்கே ஆசைப்படும் ஆளை அவள் பார்த்ததில்லை போலும். அறுபத்து நாலு இருக்கிறதா என்று அவர் வந்தவுடன் கேட்டிருந்தார். அதெல்லாம் இப்போது வருவதில்லை என்று அவள் சொன்னபோது, அது அவளுடைய குற்றம் என்பதுபோல் முகத்தைச் சுளித்தார்.

கணேஸ்வரனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டக் கணக்கரான கிராணியின் ஜீப்பில் வண்டி ஓட்டப் பழகியவர். தோட்டம் கைமாறி லயத்து வீடுகளை இடித்தபோது மற்றவர்களோடு வெளியே வந்தார். ஆட்கள் கோலசிலாங்கூர்த் தாமான் குடியிருப்புகளிலும் சுங்கை சோவிலும் கலும்பாங்கிலும் சிதறிப்போனார்கள். ஒரு குடும்பம் பாகான் நக்கோடா ஓமாருக்குப் போய் மீன் வியாபாரத்தில் இறங்கியது. இப்போது எல்லாரும் ஒன்றாக இருப்பது வாட்சப்பில் மட்டும்தான். குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். பண்டிகைக்கு வாழ்த்து, தேர்தலுக்குச் சண்டை, மற்ற நாட்களில் மரண அறிவிப்பு.

அந்த அறிவிப்புகளில்தான் அவர் மாட்டிக்கொண்டார்.

பத்து வருடத்துக்கு முன் தோட்டத்து ஆள் சன்னாசி இறந்தபோது வீட்டில் ஒரு படம்கூட அகப்படவில்லை. ஐசி அடையாள அட்டையில் இருந்த முகத்தை எடுத்துப் பெரிதாக்கி மகன் பேனர் அடித்தான். போலீஸ் பிடித்துவந்து சுவரோரம் நிறுத்திய ஆளைப் போல அதில் சன்னாசி விழித்துக்கொண்டிருந்தார். வாசலில் கட்டியிருந்ததைப் பார்த்த அவர் மனைவி, யாருடைய படத்தைக் கொண்டுவந்து இங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற கணேஸ்வரனுக்கு அது என்னவோ செய்தது. அடுத்த தீமிதித் திருவிழாவுக்குப் போனபோது தோட்டத்து ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுத்தார். காது இரண்டும் தெரிய, கண் திறந்து, பின்னால் வெறும் சுவர் மட்டும் இருக்கும்படி. எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமலே தெரிந்துபோயிற்று. அடுத்து இறந்த நான்கு பேருக்கும் படம் அவரிடமிருந்துதான் போனது. ஐந்தாவது ஆளின் வீட்டார் தங்கள் வீட்டில் தேடிப்பார்க்கவே இல்லை; நேராக அவரை அழைத்தார்கள். அதன்பிறகு ஏழாங்கட்டை ஆட்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைப் படம் எடுத்துவைப்பதையே விட்டுவிட்டார்கள். அதுதான் கணேசு அண்ணனிடம் இருக்கிறதே என்றார்கள். மருத்துவமனையிலிருந்து உடல் வீட்டுக்கு வந்து சேருமுன் அவருக்கு அழைப்பு வந்துவிடும். சில வீடுகளில் மகனுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

போன மாதம் வேனில் பதினாறு பிள்ளைகளோடு வட்டச்சாலையில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஒருத்தி கூப்பிட்டாள். இறந்துபோன மாமியாரின் அறிவிப்புக்கு அனுப்பின படத்தில் சிரிப்பு போதவில்லை, வேறு இருக்கிறதா என்றாள். ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். பரவாயில்லை, சிவப்பு விளக்கில் நிற்கும்போது பாருங்கள் என்றாள்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அவர் கைப்பேசியைத் தூக்கினாலே ஆட்கள் சிதறினார்கள். கல்யாணத்தில் மணமேடையை எடுக்கப் போனாலும் முன்வரிசைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். “எமன் போனைத் தூக்கிட்டு வந்துட்டாரு, நகருங்கடி” என்று பின்னாலிருந்து ஒரு குரல் அவர் காதிலேயே விழுந்தது. எடுக்கவும் விடுவதில்லை. எடுக்காமல் இருக்கவும் விடுவதில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் கைப்பேசி முழுக்க நிரம்பி, எந்தக் குரல் பதிவும் இறங்காமல் நின்றது. பிள்ளைக்குக் காய்ச்சல், இன்று வரமாட்டான் என்று ஒரு தாய் அனுப்பியது அதில் சிக்கிக்கொண்டது. அவர் அந்த வீட்டு வாசலில் பதினொரு நிமிடம் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றார். மற்ற பதினைந்து பிள்ளைகளும் தாமதம். தலைமையாசிரியை அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி அமராவதி சிரித்தாள்.

“பெருசா ஒண்ணு வாங்குங்க. செத்தவங்களுக்கு ஒரு பக்கம், இருக்கிறவங்களுக்கு ஒரு பக்கம் பிரிச்சு வச்சுக்கலாம்.”

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நேரத்தில்தான் அவர் சின்னதை வாங்குவதென்று முடிவு செய்தார். இருப்பதிலேயே சின்னது. இனி யார் கேட்டாலும் இடம் போதவில்லை, எல்லாம் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். பொய்யும் ஆகாது. அவர் புதுக் கைப்பேசி வாங்கப்போகும் செய்தி எப்படியோ குழுவில் பரவி, எல்லாரும் ஐநூற்றுப் பன்னிரண்டு ஜிபிக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள்.

“அப்ப எண்பது ஜிபி குறைக்கணும். நீங்களே பார்த்து அழிங்க. அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது” என்று நித்தியா ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துப் போட்டாள். கணேஸ்வரன் உட்கார்ந்தார். வாட்சப்பில் யார் யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் பட்டியலை அவள் திறந்து கொடுத்தாள். கொடுத்தவள் அதைத் திரும்பவும் வாங்கிப் பார்த்தாள்.

“ஒரே ஆளு இருபத்தோரு ஜிபி. யாரு அங்கிள் இந்த சிவானந்தம்? டிவி ஸ்டேஷன் நடத்துறாரா?”

சிவானந்தம் ஏழாங்கட்டையில் லோரி ஓட்டியவர். அறுபத்தொன்பது வயது. கலும்பாங்கில் மகள் குமுதாவோடு இருக்கிறார். தினமும் காலை ஐந்து பத்துக்கு அவரிடமிருந்து பனித்துளியோடு ஒரு ரோஜாப்பூ வரும். பிறகு அன்றைய கிழமைக்குரிய சாமி. பிறகு பாகற்காய்ச் சாற்றின் நன்மைகள். பிறகு மலைப்பாம்பு ஆட்டை விழுங்கும் காணொளி. மறுநாள் அதே பாம்பு வேறொரு நாட்டில் விழுங்கும். மத்தியானம் கூப்பிட்டு, பார்த்தாயா என்று கேட்பார். பார்க்காமலே பார்த்தேன் என்றால், பாம்பு என்ன நிறம் என்பார்.

அன்று காலையும் ஐந்து பத்துக்கு ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை ஒன்று வந்திருந்தது.

“அழி” என்றார் கணேஸ்வரன்.

“ஸ்டார் போட்டு வச்சது ஒண்ணு இருக்குன்னு காட்டுது. அதுவும் சேர்த்தா?”

“எல்லாமும்.”

“யோசிச்சீங்களா அங்கிள்?”

“ஆறு வருஷமா யோசிச்சாச்சு.”

அவள் அவர் விரலாலேயே அழுத்தச் சொன்னாள். அழுத்தினார். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. நின்றபோது பட்டியலில் முதல் இடத்துக்கு வேறொருவர் வந்திருந்தார். கணேஸ்வரனுக்கு உடம்பே லேசானது போல இருந்தது. உற்சாகத்தோடு தோட்டத்துக் குழுவில் வந்த காணொளிகளை அழித்தார். கோயில் குழுவை அழித்தார். தான் எடுத்த படங்களுக்கு இன்னும் வரவில்லை. அவற்றை யார் யார் என்று பார்த்துத்தான் அழிக்க வேண்டும். அதற்கு ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தபோது அழைப்பு வந்தது. குமுதா.

“மாமா, அப்பா போயிட்டாரு” என்றாள்.

எட்டு மணிக்குப் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கிளினிக்கிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. நாளை இரண்டு மணிக்கு எடுப்பதாக முடிவு. கேட்க வேண்டியதையெல்லாம் கணேஸ்வரன் கேட்டார். அவள் அழாமல் பதில் சொன்னாள். பிறகு, பத்து வருடமாக எல்லாரும் அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பதையே அவளும் கேட்டாள். கேட்ட விதம்தான் வேறாக இருந்தது.

“அந்தப் படம் உங்ககிட்ட இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு மாமா. கோட்டு போட்டது. கணேசுகிட்ட குடுத்து வச்சிருக்கேன், அதத்தான் போடணும்னு. எங்ககிட்ட ஐசி படத்தத் தவிர ஒண்ணும் இல்ல. பேனர் கடைக்காரன் பன்னெண்டரைக்கு மூடிடுவான்.”

ஸ்டார் போட்டு வைத்த அந்த ஒன்று எதுவென்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஏழாங்கட்டையிலேயே படத்துக்கு அகப்படாத ஆள் சிவானந்தம்தான். கணேஸ்வரன் கையில் கைப்பேசியைக் கண்டாலே, நீ எடுத்தால் அடுத்தது அறிவிப்புதான் என்று நழுவிவிடுவார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருவருடைய கோட்டை இரவல் வாங்கி மாட்டி, தன்னுடைய கைப்பேசியைப் பக்கத்தில் நின்ற பிள்ளையிடம் கொடுத்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டார். அன்றே அதை அனுப்பிவைத்தார். ரோஜாப்பூவுக்கும் பாகற்காய்க்கும் நடுவில் வந்தது அது. கூடவே ஒரு குரல் பதிவு: “இந்தா, இதான் என் படம். வேற எதையும் போட்டுறாதே. ஐசி படத்தப் போட்டீங்கன்னா நான் எந்திரிச்சு வந்துருவேன்.” கணேஸ்வரன் சிரித்துக்கொண்டே ஒரு கட்டைவிரலைப் பதிலாகப் போட்டு, தொலைந்துபோகாமல் இருக்கட்டும் என்று ஸ்டாரும் போட்டார்.

“அனுப்புறேன்மா. கொஞ்ச நேரம் குடு” என்றார். அப்பாவின் கைப்பேசியில் அந்தப் படம் இருக்காதா என்று சும்மா கேட்பது போலக் கேட்டார். அது போன தீபாவளிக்கு வாங்கினது, பழையது தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது என்றாள். புதியதையும் திறக்க முடியவில்லை. பூட்டைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியவில்லை. தம்பி அப்பாவின் விரலை வைத்துப் பார்த்தானாம். எடுத்துக்கொள்ளவில்லையாம்.

அவர் கைப்பேசியை நித்தியாவிடம் நீட்டினார்.

“அழிச்சத திரும்ப எடு.”

“முடியாதுலா அங்கிள். கூகுள்ல பேக்அப் இருந்தா பாக்கலாம்.” பார்த்தாள். கூகுளில் இடம் நிரம்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தினமும் காலையில் அதைப்பற்றி ஓர் எச்சரிக்கை வரும். கணேஸ்வரன் தினமும் அதைத் தள்ளிவிடுவார். அதுவும் சிவானந்தம் அனுப்பும் ஏதோ ஒன்று என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்.

“நீ என்னை இன்னொரு தடவ கேட்டிருக்கணும்.”

“ரெண்டு தடவ கேட்டேன் அங்கிள்.”

அதற்குமேல் அவளிடம் கோபப்பட வழியில்லை. முக்காலியில் உட்கார்ந்து தான் எடுத்த படங்களைத் திறந்தார். முப்பத்தோராயிரம் படங்கள். நல்லவேளையாக அதில் அவர் இன்னும் கை வைத்திருக்கவில்லை. மணி பத்தே முக்கால்.

சிவானந்தம் அகப்படாமல் இல்லை. ஒவ்வொரு விசேஷத்திலும் இருந்தார். தீமிதியில் முதுகு. காதணி விழாவில் தூணுக்குப் பின்னால் பாதி வயிறு. பொங்கலில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்திலும் துடைத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு அவ்வளவு வியர்வை இருக்க முடியாது. ஒரு கல்யாணப் பந்தியில் நேராகப் பார்த்தார், ஆனால் கண் மூடியிருந்தது. இன்னொன்றில் கண் திறந்திருந்தது, வாய் நிறைய சோறு. ஒரு குழுப்படத்தில் எல்லாரும் அசையாமல் நிற்க, அவர் மட்டும் கலங்கிய தண்ணீர் போலத் தெரிந்தார். எடுத்த கணத்தில் குனிந்திருக்கிறார். மனிதர் உயிரோடு இருக்கும்போது எவ்வளவு வேலை வைத்தாரோ அவ்வளவு வேலையை இப்போதும் வைக்கிறார் என்று கணேஸ்வரனுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. ஒரு நிமிடம் நின்றிருக்கலாம். ஒரே ஒரு நிமிடம். காது தெரிய, பின்னால் சுவரோடு.

பதினொன்றரைக்கு குமுதாவிடமிருந்து ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது.

பதினொன்று நாற்பதுக்கு ஒரு படம் கிடைத்தது. சித்ரா பௌர்ணமி அன்னதானம். சிவானந்தம் குழம்பு வாளியோடு நிற்கிறார். வாளியும் கரண்டியும் இடது கையில். கணேஸ்வரனைக் கண்டுவிட்டார், வலது கையை உள்ளங்கை தெரிய உயர்த்தி, எடுக்காதே என்று சொல்கிறார். திட்டத் திறந்த வாய் பாதியில் நிற்கிறது. கண் இரண்டும் திறந்து நேராக இவரையே பார்க்கின்றன. முகம் தெளிவு. ஒரு மயிர்கூடக் கலங்கவில்லை.

வேறு வழியில்லை. நித்தியா அதைத் தன் கணினிக்கு ஏற்றினாள். கரண்டியை வெட்டினாள். வாளியை வெட்டினாள். பக்கத்தில் இலை போட்டுக்கொண்டிருந்த பெண்ணின் முழங்கையை வெட்டினாள். பின்னால் நீலவானம் வைத்தாள். உயர்த்திய கையில் வந்து நின்றாள்.

“இதையும் வெட்டிடவா?”

கை கன்னத்தோடு ஒட்டியிருந்தது. கையை எடுத்தால் தாடை போய்விடும்.

“இருக்கட்டும். அனுப்பு.”

அனுப்பினாள். நீலக் குறி இரண்டும் உடனே விழுந்தன. பதில் வரவில்லை. கணேஸ்வரன் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம் கழித்துக் குமுதா கூப்பிய கைகளை மட்டும் அனுப்பினாள். அது நன்றியா, வேறேதாவதா என்று தெரியவில்லை.

அவர் எழுந்து, இடது ஓரத்துப் பெட்டியைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

“பெருசு எது?”

“ஐநூத்திப் பன்னெண்டு. ஆனா அது ஊதா கலர்தான் இருக்கு அங்கிள். சின்னப் பிள்ளைங்க வாங்குறது.”

“நான் கலர் கேட்டேனா?”

“வந்ததுலேருந்து சின்னதே போதும்னீங்க.”

“சொன்னேன். இப்ப இத குடு. எதையும் அழிக்காம அப்படியே மாத்து. அழிக்கவான்னு கேட்கவும் கேட்காதே.”

மாற்றி முடிக்க ஒன்றரை மணிநேரம் ஆகும் என்றாள். அதற்குள் அமராவதி அழைத்துச் செய்தி தெரியுமா என்றாள். தெரியும் என்றார். பாவம், நல்ல மனுசன், காலையில்கூட டீ கப் அனுப்பியிருந்தாரே என்றாள். அவளுக்கும் அனுப்புவாராம், இவருக்குத் தெரியாது. பிறகு எத்தனை ஜிபி வாங்கினீர்கள் என்று கேட்டாள். சொன்னார். நான் அன்றைக்கே சொன்னேன் என்றாள். அவர் அழைப்பைத் துண்டித்தார். அதற்குள் மரண அறிவிப்பு ஆறேழு பேர் கைமாறி அவருடைய பழைய கைப்பேசிக்கே திரும்ப வந்திருந்தது. நீலவானத்தின் முன்னால் சிவானந்தம் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் முதல் செய்தி ஏழே காலுக்கு வந்தது. ஒரு மாணவனின் தாய், திங்கட்கிழமை வேனில் பையனை முன்னால் உட்கார வைக்கச் சொல்லியிருந்தாள். ஒன்பது மணிக்கு வேனில் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு கணேஸ்வரன் புறப்பட்டார். சுங்கை சோவில் இரண்டு பேர் ஏறினார்கள். பதினொன்றரைக்குக் கலும்பாங் சேர்ந்தார்கள். பேனர் வாசலில் இடது பக்கம் கட்டியிருந்தது. ஆசீர்வாதம் பண்ணுவது போல் இருக்கிறது என்றார் ஒருவர். போய்வருகிறேன் என்று சொல்வதுபோல் இருக்கிறது என்றார் இன்னொருவர். இப்படி ஒரு படத்தை அறிவிப்பில் பார்த்ததே இல்லை என்று பலரும் சொன்னார்கள். சாப்பாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் குமுதா அவரிடம் வந்தாள்.

“மாமா, கோட்டு போட்டதுன்னு சொல்லுவாரே. இது அவரு குடுத்த படமா?”

“இல்லம்மா. அது அழிஞ்சுபோச்சு. நேத்து நாந்தான் அழிச்சேன், தெரியாம. இது நான் எடுத்தது.”

“உங்கள எடுக்கவே விடமாட்டாரே.”

“விடலதான்.”

அவள் பேனரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பந்தலில் யாரோ கூப்பிட, போனாள். இரண்டு மணிக்கு எடுத்தார்கள். மின்சுடலையில் கூட்டம் இருந்ததால் நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பும் வழியில் ராவாங்கில் மழை. ஆட்களை அவரவர் தாமானில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி ஆறே கால். வேனைக் கழுவினார். டீசல் போதுமா என்று பார்த்தார். ஊதாக் கைப்பேசியை மின்னேற்றியில் செருகினார். ஐநூற்றுப் பன்னிரண்டில் நூற்று அறுபத்திரண்டு நிரம்பியிருந்தது.